பச்சை இலை கிலோ பதினாறு... பாக்கெட் விலை எங்கிருந்து வருகிறது?

சூப்பர் மார்க்கெட்டின் டீத்தூள் அலமாரி முன்னால் நின்றால் பத்து, பதினைந்து பெயர்கள் கண்ணில் படும். ஆனால் கம்பெனிகள் அத்தனை இல்லை. தாஜ் மஹால், ரெட் லேபிள், த்ரீ ரோசஸ், தாஸா எல்லாமே இந்துஸ்தான் யூனிலீவருடையவை. டாடா டீ கோல்டு, சக்ரா கோல்டு, அக்னி மூன்றும் டாடாவுடையவை. விலை கூடுதலாக இருக்கிறதே என்று ஒன்றை வைத்துவிட்டுப் பக்கத்திலிருப்பதை எடுப்பவர், பல நேரம் அதே கம்பெனிக்குத்தான் பணம் கொடுக்கிறார். வசதியுள்ளவருக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, சிக்கனக்காரருக்கு ஒன்று என்று படி வைத்திருக்கிறார்கள்.

ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? கலவைதான். அசாம், டூவர்ஸ், நீலகிரி எனப் பல இடத்துத் தூளை ஏலத்திலும் நேரடியாகவும் வாங்கி, ருசி மாறாதபடி கலக்கிறார்கள். அது லேசான வேலை இல்லை. அதில் நிபுணர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கதை ஏறுகிறது. டாடா டீ கோல்டில் 15 சதவிகிதம் நீள இலை சேர்த்திருப்பதாகச் சொல்வார்கள். ரெட் லேபிளின் நேச்சுரல் கேர் பாக்கெட்டில் துளசி, அஸ்வகந்தா, அதிமதுரம், இஞ்சி, ஏலக்காய் வரும். தாஜ் மஹாலுக்கு ஜாகீர் உசேனின் தபேலாவே முகமாக இருந்தது. இந்த விளம்பரச் செலவும் டம்ளரில்தான் கரைகிறது.

இனி மலைக்குப் போவோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். 2003-ம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தூள் விற்ற சராசரி விலையை விவசாயிக்கு 65, ஆலைக்கு 35 என்று பங்கிட வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத் தேயிலை வாரியம் நீலகிரிக்கு மாதாமாதம் பச்சை இலை விலையை அறிவிக்கிறது. தூள் சராசரியாக 110 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். அதில் விவசாயி பங்கு 71 ரூபாய் 50 காசு. நாலரையால் வகுத்தால் கிலோ இலைக்கு ஏறக்குறைய 16 ரூபாய். பறிகூலி, உரம், கவாத்து எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

அதாவது, விவசாயியின் விலை 1963 முதல் நடக்கும் குன்னூர் ஏலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சூப்பர் மார்க்கெட் விலையோடு அதற்கு எந்தக் கயிறும் இல்லை. பாக்கெட் விலையைக் கம்பெனியே வைக்கிறது. அரசு உச்சவரம்பு கிடையாது. கலவை, உறை, லாரி வாடகை, விநியோகஸ்தர் கமிஷன், கடைக்காரர் லாபம் எல்லாம் நியாயமான செலவுகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலத்தில் விலை சரியும்போது இலை விலை அடுத்த மாதமே இறங்குகிற மாதிரி, பாக்கெட் விலை இறங்குவதில்லை. அதுதான் மலைக்காரர்களின் வயிற்றெரிச்சல்.

ஏலத்தில் விலை ஏறினால் வேறு வழி இருக்கிறது. 10 ரூபாய் பாக்கெட் 10 ரூபாயாகவே இருக்கும். உள்ளே கிராம் குறையும். கிராமத்துப் பெட்டிக்கடையில் அதிகம் விற்பது இந்தச் சின்ன பாக்கெட்தான் என்பதால், அடி முதலில் விழுவது கூலி வாங்கும் குடும்பங்களுக்கு.

இதற்கு உறையிலேயே ஒரு மருந்து உண்டு. எடையளவுச் சட்ட விதிகளின்படி, ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும். பொடி எழுத்தில்தான் இருக்கும்; தேடிப் பாருங்கள். 100 கிராம் 35 ரூபாய், 250 கிராம் 90 ரூபாய் என்றால் கிராம் 35 காசு, 36 காசு. பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நினைப்பு இங்கே அடிபட்டுப் போகும். கிண்ணம் இலவசம் என்றால், கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

'நாமே பாக்கெட் போட்டு விற்றால் என்ன?' சிறு தேயிலை விவசாயிகள் அடிக்கடி கேட்பது இது. கூட்டுறவில் அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கான இணையமான இன்கோசர்வ், 'ஊட்டி டீ'யை ரேஷன் கடைகள் வழியாக விற்கிறது. தனியாகவோ குழுவாகவோ இறங்குகிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடை, விலை, பொதி செய்த மாதம் அச்சிட்ட உறை, பார்கோடு ஆகியவை வேண்டும். இவை பணம் கட்டினால் கிடைத்துவிடும். சிரமம் அலமாரியில்தான். கண் மட்டத்துத் தட்டும், வரிசை முனையும் பணம் படைத்த கம்பெனிகளுக்குப் போய்விடும். சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே, கையில் முதல் குறைவாக இருப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் போகும் சாலையோரக் கடை, தெரிந்த டீக்கடைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் விற்பனையகம் என்று ஆரம்பிப்பதே நல்லது.

ஆலைக்கே இலை கொடுப்பவர்கள் கொழுந்து ரசீதுகளைத் தூக்கி எறியாமல் மாதவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். வாரியம் அறிவித்த விலையைவிடக் கையில் வந்தது குறைவாக இருந்தால், குன்னூரில் உள்ள தேயிலை வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது இந்த ரசீதுகள்தான்.