தலைச்சன் கர்ப்பமும் மலச்சிக்கலும்

தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண் மசக்கையைப் பற்றிச் சொல்வாள். கால் வீக்கத்தைப் பற்றியும் சொல்வாள். மூன்று தினங்களாக மலம் கழியவில்லை என்பதை மட்டும் மாமியாரிடமோ, கணவனிடமோ, வைத்தியரிடமோ சொல்ல நாணி மறைத்துவிடுவாள். அந்த நாணத்தால் விளையும் கேடு சொற்பமல்லவாதலால் இவ்விஷயத்தை நாம் பகிரங்கமாக எழுதத் துணிந்தோம்.

கர்ப்பம் தரித்ததும் 'புரோஜெஸ்டிரோன்' என்னும் ஹார்மோன் தேகத்தில் பெருகுகிறது. கருப்பை காலத்துக்கு முன் சுருங்கிவிடாதபடி அதன் தசைகளைத் தளர்த்தி வைப்பது இதன் வேலை. ஆனால் கருப்பைக்கென்று வந்தது குடலையும் விடுவதில்லை. குடல் மந்தமாக அசைகிறது; உணவுச் சக்கை நெடுநேரம் தங்குகிறது; பெருங்குடல் அதிலுள்ள நீரை மேலும் உறிஞ்சிவிட, மலம் இறுகிப் போகிறது. பிந்திய மாதங்களில் வளர்ந்த கருப்பையும் குடலை நெருக்குகிறது. இதில் அப்பெண்ணின் குற்றம் யாதொன்றுமில்லை.

இதோடு இரும்புச் சத்து மாத்திரையும் சேர்கிறது. நம் அரசாங்கத் திட்டப்படி கர்ப்பிணிக்குத் தினம் ஒன்றாக 180 நாட்களுக்கு அளிக்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. மலம் கறுத்து இறுகுவதைக் கண்டு மிரண்ட பெண், யாருமறியாமல் அதை நிறுத்திவிடுகிறாள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச் சோகை இருப்பதாகத் தெரியவந்தது. பிரசவத்தில் உதிரம் மிகுதியாய்ப் போனால் சோகை பிடித்த உடல் தாங்குமா? மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பே. இறுகுகிறதென்று வாய் திறந்து சொன்னால் வைத்தியர் மாத்திரையை மாற்றுவார். அல்லது மலத்தை இளக்கும் மருந்து ஏதேனும் சேர்த்துக் கொடுப்பார்.

மற்றோர் அபாயம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. "ஒரு கரண்டி விளக்கெண்ணெய் குடித்தால் சரியாய்ப் போகும்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பாட்டியின் அன்பில் நமக்குச் சந்தேகமில்லை, விளக்கெண்ணெயிடந்தான் சந்தேகம். அது குடலை உலுக்குவதோடு கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடியது. கர்ப்பிணிக்கு அதைத் தாமாகவே கொடுப்பது கூடாது.

அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று தாகத்தை அடக்குவதும், தவிட்டை மில்லிலேயே விட்டுவிட்டு வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசியையே மூன்று வேளையும் உண்பதும் சிக்கலை வளர்க்கும். கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, கீரைத்தண்டு, அவரை, கொய்யா ஆகியவை நம் ஊரில் மலிவாய்க் கிடைப்பவை. இவற்றோடு நிறையத் தண்ணீரும் மாலையில் சிறிது நடையும் இருந்தால் பெரும்பாலோர்க்குக் குணம் தெரியும். முக்கி முக்கி வருந்துவது மூலத்தில் கொண்டுபோய் விடும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கடும் வயிற்று வலியோடு வாந்தி எடுத்தாலோ, நாணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.