பி.டி பீரியட் எங்கே போகிறது? பள்ளி டைம்டேபிளில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம்... முழு விளக்கம்

யோகா சேர்க்கணும், கம்ப்யூட்டர் சேர்க்கணும், தொழிற்கல்வி சேர்க்கணும், இன்னொரு மொழியும் சேர்க்கணும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியவை என்று சொல்லப்படும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால், காலையில் முதல் மணிக்கும் மாலையில் கடைசி மணிக்கும் இடையே உள்ள நேரம் அதேதான். அப்படியென்றால் புதிய பாடத்துக்கான நேரம் எங்கிருந்து வருகிறது?

யார் முடிவு செய்கிறார்கள்?

கல்வி உரிமைச் சட்டம் 2009 குறைந்தபட்ச அளவைச் சொல்கிறது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரம் பாடம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம். ஆனால் கணக்குக்கு எவ்வளவு, ஓவியத்துக்கு எவ்வளவு என்று இந்தச் சட்டம் பிரித்துச் சொல்லவில்லை.

அந்தப் பிரிவினையைப் பேசுவது தேசிய பாடத்திட்டக் கட்டமைப்பு. கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு தயாரித்த புதிய கட்டமைப்பு 2023 ஆகஸ்டில் வெளியானது. இது வழிகாட்டி மட்டுமே. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால், மாநிலங்கள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன.

கையில் இருப்பது எவ்வளவு நேரம்?

2023 கட்டமைப்பின் கணக்கு இதுதான்: விடுமுறை போக சுமார் 220 நாட்கள். அதில் தேர்வுகளுக்கு 20, விழா, நிகழ்ச்சிகளுக்கு 20 நாட்கள் கழிந்தால் மீதி 180. அதாவது சுமார் 34 வாரங்கள், வாரத்துக்கு 29 மணி நேரம்.

இதை வைத்து ஒரு எளிய கணக்கு போடலாம். வாரத்துக்கு ஒரு 40 நிமிட பீரியட் என்றால், ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 23 மணி நேரத்துக்கும் குறைவு. வாரம் இரண்டு பி.டி பீரியட் உள்ள வகுப்பில் ஒன்றை வேறு பாடம் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கான விளையாட்டு நேரத்தில் பாதி காலி.

எல்லா வகுப்புக்கும் ஒரே அளவா?

இல்லை. ஜப்பானில் பாடவாரியாக ஆண்டுக்கு எத்தனை பீரியட் என்பதை அரசே அறிவிக்கிறது. தொடக்கப்பள்ளியில் ஒரு பீரியட் 45 நிமிடம். முதல் வகுப்பில் மொத்தம் 850 பீரியட். அதில் 306 தாய்மொழிக்கு. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 6-ம் வகுப்பில் மொத்தம் 1,015. தாய்மொழிக்கு 175, கணக்குக்கும் 175. உடற்கல்விக்கு 90, இசைக்கு 50.

காரணம் எளிது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் புத்தகமும் புரியாது, கணக்கில் வரும் கேள்வியும் புரியாது. அதனால் சின்ன வகுப்பில் மொழிக்கு அதிக நேரம். வாசிப்பு கைவந்த பிறகு அந்த நேரம் மற்ற பாடங்களுக்குப் போகிறது.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். அங்கே தேசியப் பாடத்திட்டம் உண்டு. ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அரசு கட்டளையிட முடியாதபடி 1988 சட்டத்திலேயே தடை வைத்துவிட்டார்கள். அது பள்ளியின் முடிவு.

புதுப் பாடம் வந்தால் என்ன ஆகும்?

மூன்றே வழிதான். மொத்த நேரத்தைக் கூட்டலாம், வேறு பாடத்தைக் குறைக்கலாம், அல்லது இரண்டு பாடங்களை ஒன்றாக்கலாம்.

ஜப்பான் 2020-ல் 5, 6-ம் வகுப்புகளில் ஆங்கிலத்தை முழுப் பாடமாக்கியபோது, வேறு எதையும் வெட்டவில்லை. ஆண்டுக்கு 980 ஆக இருந்த பீரியடை 1,015 ஆக உயர்த்தியது. அந்தச் சுமை மாணவர், ஆசிரியர் இருவர் தலையிலும் விழுந்தது.

நம்ம ஊர் மொழி விவாதத்திலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 2023 கட்டமைப்பு மூன்று மொழி என்கிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. மூன்றாவது மொழிக்கு வாரம் 4 பீரியட் என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 90 மணி நேரம். வேண்டும் என்பவர்கள் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்போம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவர்களும் அந்த 90 மணி நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல வேண்டும்.

தாளில் ஒன்று, வகுப்பில் ஒன்று

டைம்டேபிளில் இருக்கும் நேரமெல்லாம் மாணவருக்குக் கிடைக்கிறதா என்றால், இல்லை. 'போர்ஷன் முடியல' என்றதும் முதலில் போவது பி.டி, ஓவியம், நூலக பீரியட்தான். பொதுத்தேர்வில் மார்க் இல்லாத பாடத்துக்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், அந்த பீரியடுக்குச் சொந்தக்காரரே கிடையாது.

இதைச் சரிசெய்யத்தான் புதிய கட்டமைப்பு 9, 10-ம் வகுப்புகளுக்கான 10 பாடங்களில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆசிரியரும் மைதானமும் இல்லாவிட்டால் மாற்றம் தாளோடு நின்றுவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளையின் டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள். ஒரு வாரம், 'இன்னைக்கு எந்த பீரியட்ல என்ன நடந்துச்சு?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் நிலைமை தெரிந்துவிடும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்தான்.