பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டத்திற்கு நூறாண்டுகளுக்கும் மேலாகக் கடற்கரை இருந்ததில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சூளூர்பேட்டை, கூடூர் பகுதிகள் அதனுடன் இணைந்தன. ஏழுமலையானின் மாவட்டத்திற்கு வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் சொந்தமாயின. கடல் இவ்வளவு அருகில் இருக்கையில், குடும்பத்தோடு கரையோரமாகப் பயணம் செய்யப் பாய்மரப் படகு ஒன்று வாங்கினால் என்ன என்ற எண்ணம் சிலருக்கேனும் எழுவது இயல்பே. புதுப் படகின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பார்வை பழைய ஃபைபர் படகின் பக்கம் திரும்புகிறது.

அந்த எண்ணத்தில் தவறில்லை. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய உடல், மரத்தைப்போல உளுப்பதில்லை, இரும்பைப்போலத் துருப்பிடிப்பதுமில்லை. அமெரிக்காவில் 1959இல் அறிமுகமான 28 அடி நீள ‘பியர்சன் டிரைட்டன்’ படகுகளில் சில இன்றும் பாய் விரிக்கின்றன. நம் நாட்டிலும் நல்ல சான்று உண்டு. கோவாவில் கட்டப்பட்டு 2017இல் கடற்படையில் சேர்ந்த ‘தாரிணி’ என்னும் ஃபைபர் படகு, ஆறு பெண் அதிகாரிகளுடன் உலகை வலம் வந்து 2018 மே மாதம் திரும்பியது. அதே படகில் தில்னா, ரூபா என்னும் இரு அதிகாரிகள் 2024 அக்டோபரில் புறப்பட்டு, 2025 மே மாதம் மீண்டும் ஓர் உலக வலத்தை முடித்தனர். படகின் வயதைவிட அது பராமரிக்கப்பட்ட விதமே முக்கியம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால், பராமரிப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று. பளபளக்கும் புதிய வண்ணப்பூச்சு பல குறைகளை மறைத்துவிடும். ஆகவே, படகை நீரிலிருந்து மேலேற்றி, உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால், மேற்பூச்சைத் தாண்டி நீர் உள்ளே சென்றிருக்கிறது என்று பொருள். மேல்தளத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நலம், மந்தமான ஒலி ஐயத்திற்கு உரியது. பல படகுகளின் மேல்தளத்தில் இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரமோ நுரைப்பொருளோ இருக்கும். நீர் புகுந்தால் அந்த மரம் ஊறி அழுகும். படகின் அடியில் கனமாகத் தொங்கும் கீலும் உடலும் சேரும் இடத்தில் விரிசல் உண்டா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களில் இழை பிரிந்திருக்கிறதா என்றும் காண வேண்டும். அவ்வடங்களைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது வழக்கம்.

இவற்றையெல்லாம் நாமே கண்டறிய இயலாது. விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு கடல்சார் சர்வேயரை நம் செலவில் அமர்த்துவதே முறை. அவருடைய அறிக்கையைப் பெற்று, வெள்ளோட்டமும் பார்த்த பின்னரே முழுத் தொகையைத் தரவேண்டும். முன்பணம் கொடுப்பதாயின், ‘சர்வே அறிக்கை திருப்தி அளிக்காவிடில் திருப்பித் தரப்படும்’ என்பதை எழுத்தில் பெறுங்கள். பதிவுச் சான்று, முந்தைய விற்பனைப் பத்திரங்கள், படகின்மீது நிலுவைக் கடன் இல்லை என்பதற்கான சான்று ஆகியவையும் கைக்கு வரவேண்டும்.

அடுத்து, படகு எங்கே நிற்கும் என்ற கேள்வி. முப்பது அடி நீளப் பாய்மரப் படகின் கீல் மிதப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம் தேவை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வீட்டுக்கு அருகிலுள்ள ஏரி இப்படகுக்கு உதவாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகணை புறப்படும் நாள்களில் அருகிலுள்ள கடற்பகுதிக்குள் படகுகள் நுழையத் தடையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்காலம்; அப்போது படகைப் பாதுகாப்பாக எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

இனி கணக்கு. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் நிறுத்துமிடத்திற்கும் காப்பீட்டிற்கும் செலவாகும் என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் பொது மதிப்பீடு. இருபது லட்ச ரூபாய்ப் படகு என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சம்; ஐந்து ஆண்டுகளில் பத்து லட்சம். ஆண்டுக்கு இருபது நாள் மட்டுமே கடலுக்குச் சென்றால், ஒரு நாளின் பராமரிப்புச் செலவு மட்டும் பத்தாயிரம் ரூபாய். வாகனக் கடனுக்குரிய விதிகள் படகுக்கும் பொருந்தும் எனக் கருதிவிட வேண்டாம். கடன் கிடைக்குமா, எந்த ஈட்டின்பேரில் என்பதை விலை பேசும் முன்பே கிளையில் கேட்டறிவது நல்லது. பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய சேமிப்பையோ அவசரகால வைப்பையோ இதற்கெனத் தொட வேண்டாம்.

முதல் படி படகு வாங்குவதன்று. பாய் விரிக்கக் கற்றுக்கொள்வது. சித்தூர் மாவட்டம் பிறந்த அதே 1911இல், சென்னைத் துறைமுகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் முயற்சியில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தோன்றியது. திருப்பதியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் சென்னைக் கடலை அடைந்துவிடலாம். ஒரு பருவம் முழுவதும் பிறர் படகில் பயின்று பாருங்கள். உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 என்ற அவசர எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளும் பழக்கமும் அங்கேயே தொடங்கட்டும்.

பருவம் முடிந்த பின்னும் குடும்பத்தார் அனைவரும் அடுத்த விடுமுறைக்குக் கடலையே கேட்டால், அப்போது சர்வேயரை அழையுங்கள்.