கியர்ப் பெட்டி: செப்பனிடுவதா, மாற்றுவதா?

பழுதாகத் தொடங்கிய ஓர் இயந்திர உறுப்பைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா? இக்கேள்விக்குப் பெரும்பாலோர் விலைப்பட்டியலில் விடை தேடுகின்றனர். ஆனால் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே தேய்ந்திருப்பது எது? தேய்வதற்கென்றே வைத்த பகுதியா, தேயவே கூடாத பகுதியா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் முடிவு பாதி கிடைத்த மாதிரிதான். விளையாட்டுக் கார் எனப்படும் வேகக் கார் ஒன்றின் கியர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு இதனைக் காண்போம்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் இதனை மியாட்டா என்பார்கள். 2016-இல் இவ்வகைக் கார்களின் உற்பத்தி பத்து லட்சத்தை எட்டியது. முதல் தலைமுறைக் கார்களுக்கு இன்று முப்பது வயதுக்கு மேலாகியும் அவற்றை ஓட்டி மகிழ்வோர் பலர். ஆதலால் அவற்றின் ஐந்து கியர்ப் பெட்டி முனகத் தொடங்கும்போது, மேற்கண்ட கேள்வி அவர்கள்முன் வந்து நிற்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, வேறொன்றோடு சேர்வதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் முன்னோக்கு கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் தம் இணைகளோடு பொருந்தியே சுழல்கின்றன. இன்ஜினிலிருந்து வருவது உள்தண்டு. அதிலிருந்து சுழற்சி இடைத்தண்டுக்குச் சென்று, அங்கிருந்து வெளித்தண்டின் மேலுள்ள பல்சக்கரங்களுக்குச் செல்கிறது. வெளித்தண்டின் மேல் இச்சக்கரங்கள் தளர்வாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் கியர்க்கோலை நகர்த்தும்போது, ஓர் உறை நகர்ந்து அவற்றுள் ஒன்றை மட்டும் தண்டோடு பூட்டுகிறது. சக்கரத்தின் பக்கவாட்டில் இதற்கெனச் சிறு பூட்டுப் பற்கள் உள்ளன. கியர் மாற்றும்போது கேட்கும் 'கரகர' ஓசை இப்பூட்டுப் பற்களில் எழுவதுதான்.

பூட்டுவதற்கு முன் சக்கரமும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். இவ்வேலையைச் செய்வது பித்தளை போன்ற செப்புக் கலவையாலான ஓர் ஒத்தியக்க வளையம். பட்டறையில் இதனைச் சிங்க்ரோ ரிங் என்பார்கள். கூம்பு வடிவான இவ்வளையம் சக்கரத்தின் கூம்பை அழுத்திப் பிடித்து, உராய்வினால் அதன் வேகத்தைச் சரிசெய்கிறது. வேகங்கள் ஒன்றாகும் வரை உறையைத் தடுத்தும் நிறுத்துகிறது.

வேகத்தின் விலை

எம்.எக்ஸ்-5 காரில் இரண்டாம் கியரின் விகிதம் 1.888, மூன்றாவதன் விகிதம் 1.330. இன்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழலும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால், உள்தண்டின் வேகம் சுமார் 4,230 சுற்றுகளுக்கு இறங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 1,770 சுற்றுகளின் வேறுபாட்டை வளையம் உராய்ந்தே போக்க வேண்டும். 3,000 சுற்றுகளில் மாற்றினால் வேறுபாடு இதில் பாதிதான்.

ஆனால் வளையம் ஏற்கும் வெப்பம் பாதியன்று, நான்கில் ஒரு பங்கு. ஏனெனில் சுழற்சி ஆற்றல் கோண வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கிளட்ச் தட்டும் தண்டுகளும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கின் பொருட்டு 0.01 கிலோகிராம் மீட்டர்² எனக் கொள்வோம். முதல் நேர்வில் வெப்பமாவது சுமார் 170 ஜூல். இரண்டாவதில் 43 ஜூல். அந்த 170 ஜூல் 0.2 விநாடியில் வெளிப்பட்டால் சராசரித் திறன் 850 வாட். ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியின் திறன் முழுவதும் ஒரு சிறு வளையத்தின் மெல்லிய பரப்பில் இறங்குகிறது! வேகமாக ஓட்டப்படும் கார்களில் இவ்வளையங்கள் விரைவில் தேய்வதில் வியப்பில்லை.

தேயலாம், தேயக்கூடாது

வளையம் தேய்வது குற்றமன்று. அது தேய்வதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. பேரிங்குகளும் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றை மாற்றினால் பெட்டி மீண்டும் நன்றாக உழைக்கும்.

பல்சக்கரத்தின் கதை வேறு. 1.6 லிட்டர் எம்.எக்ஸ்-5 இன்ஜினின் உச்சத் திருப்புவிசை சுமார் 136 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.136 ஆதலால், வெளித்தண்டில் அது சுமார் 426 நியூட்டன் மீட்டராகிறது. இச்சுமை முழுவதையும் எந்த நொடியிலும் ஓரிரு பற்களே தாங்குகின்றன. இதற்காகப் பற்களின் மேற்பரப்பில் கரியைச் செலுத்திக் கடினமாக்குவர். இக்கடினத் தோலின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதே. உள்ளிருக்கும் எஃகு மென்மையாகவும் முறியாத தன்மையோடும் இருக்கும். தோல் உரிந்து குழிகள் விழுந்துவிட்டால், பின்னர் அரிப்பு விரைந்து பரவும். பல்லை அரம் கொண்டு தேய்த்துச் சரிசெய்வது வீண் வேலை. சக்கரத்தையும் அதன் இணையையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று சக்கரங்களும் ஒரு தண்டும் கெட்டிருந்தாலோ, பேரிங் அமரும் துளை அகன்றிருந்தாலோ வேறு பெட்டி வாங்குவதே அறிவுடைமை.

இங்குதான் காலம் குறுக்கிடுகிறது. தேய்ந்த வளையத்தோடு தொடர்ந்து ஓட்டினால், உறை தடையின்றிப் பாய்ந்து பூட்டுப் பற்களின் மேல் மோதும். பூட்டுப் பற்கள் சக்கரத்தின் பகுதி. அவை மழுங்கினால், வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு சக்கரத்துக்கும் ஏறுகிறது. தளர்ந்த பேரிங்கோ தண்டை இடம் பெயரவிடுகிறது. பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் சுமை ஏற்று உடைகின்றன. இன்று செப்பனிடக்கூடிய பெட்டி, ஆறு மாதம் கழித்துச் செப்பனிடத் தகாததாகிவிடலாம்.

கழற்றாமலே கண்டறிவது

கழற்றுவதற்கு முன் காதையும் கையையும் பயன்படுத்துங்கள்.

எல்லாக் கியர்களுமே கரகரத்தால், குறை பெட்டியில் இல்லாமலிருக்கலாம். கிளட்ச் முழுவதும் விலகாவிட்டால் இவ்வாறு நேரும். இக்காரில் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் என்ற சிறிய நீரியல் உருளை கசிவது நன்கறியப்பட்ட குறை. காரை நிறுத்திக் கைபிரேக்கைப் போடுங்கள். இன்ஜின் ஓடட்டும். கிளட்சை முழுவதும் மிதித்துச் சில விநாடிகள் பொறுத்துப் பின்னோக்கு கியரைப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் முதலில் ஐயப்பட வேண்டியது கிளட்சை. மலிவான ஓர் உருளையின் குறைக்காகக் கியர்ப் பெட்டியையே மாற்றுவது எத்தகைய வீண் செலவு!

ஒரே ஒரு கியர் மட்டும், அதிலும் குளிர்ந்திருக்கும்போது கரகரத்தால், அதன் ஒத்தியக்க வளையத்தை ஐயப்படலாம். முதலில் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். கையேட்டில் குறித்த வகை எண்ணெயே வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் வளையம் பிடிப்பை இழக்கும்.

கியர் போடாமல் நிற்கும்போது இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நின்றால், உள்தண்டு அல்லது இடைத்தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். மாறாக, மிதிக்கும்போதுதான் இரைச்சல் எழுகிறது என்றால், அது பெட்டிக்கு வெளியேயுள்ள கிளட்ச் பேரிங்.

நான்காம் கியர் ஒரு நல்ல சோதனை. இப்பெட்டியில் அதன் விகிதம் 1.000, உள்தண்டும் வெளித்தண்டும் நேராகப் பூட்டப்படுகின்றன, இடைத்தண்டின் மேல் சுமை இல்லை. மற்றக் கியர்களில் கேட்கும் ஊளை நான்காவதில் அடங்கினால், குறை இடைத்தண்டின் பக்கம் உள்ளது என ஊகிக்கலாம்.

இறுதியாக, எண்ணெயை வடித்துப் பாருங்கள். வடிகால் திருகின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. பொன்னிறத் துகள்கள் மின்னினால் அவை வளையத்திலிருந்து வந்தவை. கையில் உணரக்கூடிய எஃகுச் செதில்கள் பேரிங்கிலிருந்தோ பற்களிலிருந்தோ வந்தவை. பல்லின் துண்டே கிடைத்தால் காரை அதற்குமேல் ஓட்டக்கூடாது. பெட்டி ஓட்டத்தில் இறுகினால் பின் சக்கரங்கள் திடீரெனப் பூட்டிக்கொள்ளலாம். அங்கே பணத்தோடு உயிரும் கணக்கில் சேர்கிறது.

இனி விலை

குறை பெட்டிக்குள்தான் என்று உறுதியானால், இரு வழிகளிலும் பெட்டியை ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும். அக்கூலி சமன்பாட்டின் இருபுறமும் உள்ள உறுப்பு, அடித்துவிடலாம். எஞ்சியதை ஒப்பிடுவோம். செப்பனிட 90 அலகு, பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த பெட்டிக்கு 50 அலகு, இறக்கி ஏற்றும் கூலி 100 அலகு என்க. பழைய பெட்டி 40 அலகு மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் அதுவும் கெட்டிருந்தால் மீண்டும் 100 கூலியும் 50 விலையும், ஆக 150 அலகு போகும். 40-ஐ 150-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.27. பழைய பெட்டி கெட்டிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றைச் சற்றே தாண்டினாலும் செப்பனிடுவதே சிக்கனம் என்பது இதன் பொருள். உங்கள் ஊர் விலைகளை இட்டுக் கணக்கிடுங்கள். விற்பவர் உத்தரவாதம் தந்தால், அது கூலியையும் ஈடுசெய்கிறதா என்று கேட்பது முக்கியம். முப்பது வயதுக் காரிலிருந்து எடுத்த பெட்டியின் வளையங்களும் முப்பது வயதானவையே என்பதையும் மறவாதீர்கள்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டையும் கிளட்ச் பேரிங்கையும் சீல்களையும் பார்த்து, தேவையானால் மாற்றிவிடுங்கள். பின்னர் அவற்றுக்கென்று மீண்டும் அதே கூலியைக் கொடுக்க நேராது.

சில கார்களில் வேறொரு கருத்தும் சேரும். போர்ஷே 911 கார்களில் 1972-ஆம் ஆண்டு மாடலிலிருந்து 1986 வரை 915 என்னும் பெட்டி இருந்தது. 1987 மாடலில் ஜி50 என்ற பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. அப்பழைய கார்களை வாங்குவோர், காருடன் பிறந்த எண்ணுடைய பெட்டியே இருக்கிறதா என்று பார்ப்பதால், சற்றுக் கூடுதலாகச் செலவிட்டேனும் செப்பனிடுவோர் உண்டு. இங்கு உறுப்பின் உழைப்போடு அதன் பிறப்புக்கும் விலை இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், தேய்வதற்கென்று செய்தது தேய்ந்திருந்தால் செப்பனிடுக. தேயக்கூடாதது பலவிடங்களில் தேய்ந்திருந்தால் மாற்றுக. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை, முதல் கரகர ஓசைக்குப் பின் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஓசை கேட்ட அன்றே எண்ணெயை வடித்துப் பார்ப்பது, எந்த விலைப்பட்டியலையும்விட உங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.