புள்ளி நீங்கிய எழுத்தும் தசைநலிவு நோயும்

மரபுநோய் என்ற அளவில் மரபணுவில் நேர்ந்த எழுத்துப் பிழையையே நாம் எண்ணுகின்றோம். தமிழில் மரபியலை விளக்குவார் பலரும் இவ்வுவமையையே ஆளுகின்றனர். ஆயின் எழுத்துப் பிறழாது நிற்ப, அதனைப் படிக்கும் முறை பிறழ்வதனால் வரும் நோய்களும் உள. வாடிங்டன் 1942-இல் ஆக்கிய 'எபிஜெனிடிக்ஸ்' என்னுஞ் சொல் இன்று இத்துறையைக் குறிக்கின்றது. மேல்மரபியல் எனவும் புறமரபியல் எனவும் தமிழில் வழங்குவர். குறிகள் எழுத்தின் மேலமர்ந்தே தொழிற்படுதலின் முன்னதே பொருந்துமென்பது எம் கருத்து.

சுவடி படித்துப் பழகியார்க்கு இந்நிலை புதிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமை பெருவழக்கு. 'கலவி' என வரைந்திருப்பின் அது கலவியோ கல்வியோ என்பதனை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். புள்ளி பெற்றவழி அகரம் அடங்கும். உயிரணுவிலும் மெதைல் என்னும் சிற்றணுத்தொகுதி மரபிழைமேல் அமர்ந்து அப்பகுதியைப் பெரும்பாலும் அடக்கி வைக்கின்றது.

முகம், தோள், மேற்கை ஆகியவற்றின் தசை நலியும் நோயொன்றைப் பிரெஞ்சு மருத்துவர் லாந்தூசியும் தெசெரீனும் 1884-இல் விளக்கினர். இந்நோயுற்றார் பலர்க்கு இமை முற்றும் மூடாது, சீழ்க்கையடித்தல் இயலாது, தோட்பட்டை எலும்பு சிறகுபோற் புடைக்கும். இதன் காரணம் நான்காம் குரோமோசோமின் முனையருகே உளது. ஆண்டு, ஏறத்தாழ 3,300 இணையெழுத்துக் கொண்ட தொடரொன்று அடுக்கி வருகின்றது. நலமுடையார்க்கு அவ்வடுக்கு 11 முதல் 100-க்கு மேலும் இருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் 'டக்ஸ்-4' என்னும் மரபணு உண்டு. கரு சில உயிரணுக்களாய் இருக்குங்கால் தொழிற்படும் இது, தசையில் அடங்கியிருத்தற்குரியது. அடுக்குப் பத்தாகவோ அதனிற் குறைந்தோ சுருங்கின் மெதைற் குறிகள் அருகுகின்றன. டக்ஸ்-4 ஒலிக்கத் தொடங்குகின்றது. அதன் புரதம் தசையணுவை அழிக்கின்றது. அடுக்குச் சுருங்குதல் எழுத்து மாற்றமே எனின், உண்மைதான். எனினும் டக்ஸ்-4 மரபணுவில் ஓரெழுத்தும் பிழைபடவில்லை. இன்னும் வியப்பு யாதெனின், அவ்வடுக்கு ஒன்றும் எஞ்சாது ஒழிந்தார்க்கு இந்நோய் வருவதில்லை. இல்லாத எழுத்து ஒலியாதன்றோ!

புள்ளி நீங்கினும் நோய் உறுதியன்று. இறுதி அடுக்கின் பின் செய்தியை நிலைபெறச் செய்யும் முற்றுக்குறி ஒன்று இருத்தல் வேண்டுமென 2010-இல் நிறுவப்பட்டது. பத்தாம் குரோமோசோமிலும் இத்தகைய அடுக்கு உண்டு. ஆண்டு முற்றுக்குறி இன்மையின் அது சுருங்கினும் தீங்கில்லை. நோயாளருள் நூற்றுக்கு ஐவரளவினர்க்கு அடுக்கு அங்ஙனம் சுருங்குவதில்லை. அவருட் பெரும்பாலார்க்குக் குறிகளைக் காக்கும் பிறிதொரு புரதத்தின் மரபணுவில் பிழை உண்டென 2012-இல் அறியப்பட்டது. எழுத்துப்பிழை ஓரிடத்தது, புள்ளி நீங்குவது வேறோரிடத்தது.

உவமைக்கும் எல்லையுண்டு. சுவடி படிப்பவர் விடுபட்ட புள்ளியைப் பொருளறிந்து தாமே இட்டுக்கொள்வர். தசையணுவுக்கு அவ்வறிவு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒரே அளவு சுருங்கிய அடுக்குடையாருள் ஒருவர் நாற்காலி வண்டியிற் செல்ல, மற்றொருவர் நோயறியாது வாழ்தலும் உண்டு. டக்ஸ்-4-ஐ அடக்கும் நோக்குடன் ஆராயப்பட்ட லோஸ்மாபிமாட் என்னும் மருந்து, 2024-இல் இறுதிக்கட்டச் சோதனையில் தன் முதன்மை இலக்கை எய்தவில்லை. நீங்கிய புள்ளியை மீள இடும் வழியைப் பிற ஆய்வாளர் தேடி வருகின்றனர்.