தாத்தா, பாட்டி எடுக்கும் படங்கள்: போன் மாறினால் எங்கே போகும்?

வீட்டுப் பெரியவர்களில் யாராவது போனில் படம் எடுப்பவராக இருந்தால், அவருடைய கேலரியை ஒருமுறை பொறுமையாகத் தள்ளிப் பாருங்கள். பேத்தி ஷூ லேஸ் கட்டும் படம். அதே படம் இன்னும் பதினாலு. மழையில் நனையும் துணிக்கொடி. முதல்முதலாகக் காய்த்த முருங்கை. கரண்ட் பில் அட்டை. விரல் பாதி மறைத்த மருமகள் முகம். கை தவறி எடுத்த தரை.

இதில் எதையும் நாம் எடுத்திருக்க மாட்டோம். நாம் எடுப்பது பிறந்தநாள் கேக், ஊட்டி, செல்ஃபி. சாதாரண ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், பல வீடுகளில் தாத்தா போனைத்தான் திறக்க வேண்டும். ஆனால், சுலபமாகத் தொலைந்துபோவதும் அந்தப் படங்கள்தான். எப்படித் தொலைகின்றன, என்ன செய்யலாம்?

ஏன் இவ்வளவு படம் எடுக்கிறார்கள்?

இன்று எழுபதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் 1950களில், அதற்கும் முன்னால் பிறந்தவர்கள். அவர்களின் சிறுவயதுப் படம் என்று வீட்டில் தேடினால் ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ கிடைக்கலாம். இல்லாவிட்டால் டவுன் ஸ்டுடியோவில் எடுத்த ஒன்று: பின்னால் வரைந்த திரை, பக்கத்தில் ஸ்டூல், பவுடர் அப்பிய முகம். பல பேருக்கு அதுவும் கிடையாது. அந்தப் பழைய ஸ்டுடியோ படங்களே இன்று ஆவணம் ஆகிவிட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் எண்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது.

பிறகு பிலிம் கேமரா வந்தது. பெரிய ரோல் போட்டாலும் 36 படம்தான். கழுவக் காசு, பிரின்ட் போடக் காசு. கல்யாணம், காதுகுத்து தவிர வேறு எதற்கும் யாரும் பட்டனை அழுத்தத் துணிய மாட்டார்கள். அப்படி எண்ணி எண்ணி எடுத்த தலைமுறையின் கையில் இப்போது எண்ணவே தேவையில்லாத ஒரு கேமரா இருக்கிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கும் என் அப்புச்சிக்கு வயது 76. ஒரே வாழைமரத்தைக் குலை தள்ளியதிலிருந்து வெட்டும் நாள் வரை விடாமல் எடுத்து வைத்திருக்கிறார். "இதெல்லாம் எதுக்குங்க அப்புச்சி?" என்றால், "காசா பணமா கண்ணு, எடுத்தா கெடக்குது. நீங்கெல்லாம் வந்துட்டு ரெண்டு நாள்ல போயிருவீங்க, இது இருக்கும்ல" என்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கயித்துக் கட்டிலில் சாய்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்ப்பார். எடுப்பதைவிட இப்படிப் பார்ப்பதில்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

ஜப்பானின் குமாமோட்டோவைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ பாட்டியைப் பலரும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். குப்பைப் பையைச் சுற்றிக்கொண்டு, துணிக்கொடியில் தொங்கிக்கொண்டு, தன்னையே வேடிக்கையாகப் படம் எடுத்தவர். மகன் நடத்திய வகுப்பில் சேர்ந்து கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 72. கடந்த 2025இல் 97 வயதில் காலமானார். அவருடைய படங்கள் புத்தகமாகின, கண்காட்சிக்குப் போயின. நம் வீட்டுப் பெரியவர்களின் படங்களுக்கு இருப்பது ஒரே ஒரு போன்.

'இடம் இல்லை' என்றதும் நடப்பது

போன் நிரம்பிவிடும். "கண்ணு, இது எடமில்லைங்குது, என்னன்னு பாரு" என்று பேரன் கையில் கொடுப்பார்கள். பேரன் கேலரியைத் திறப்பான். மங்கலான படம், ஒரே மாதிரி பதினைந்து படம், எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

உண்மையில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள் அல்ல. ரோஜாப்பூவோடு வரும் குட் மார்னிங் படங்களும், பார்வர்டு வீடியோக்களும்தான். இந்தியப் போன்கள் நிரம்புவதற்குக் காலை வணக்கப் படங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று கூகுள் ஆய்வாளர்கள் கண்டறிந்ததாக 2018இலேயே செய்தி வந்தது. எனவே முதலில் கை வைக்க வேண்டிய இடம் வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால், பலமுறை பார்வர்டு ஆனவை தனியாகவும், 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாகவும் நிற்கும். முதல் பட்டியலை அனேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். இரண்டாவதைப் பார்த்து அழியுங்கள், பேத்தியின் ஆண்டுவிழா டான்ஸும் அதில் இருக்கும்.

இன்னொரு ஆபத்து, கூகுள் போட்டோஸ். பேக்கப் ஆகியிருக்கும் படத்தை அந்த ஆப்பில் 'டெலிட்' கொடுத்தால் போனில் மட்டுமல்ல, இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்து போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அழுத்த வேண்டியது 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். ஐபோனில் அது 30 நாள்.

எந்த ஜிமெயில்?

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஓட்டை. பெரியவர்களுக்குப் புதுப் போன் வாங்கும்போது, கடைக்காரத் தம்பியே ஒரு புது ஜிமெயில் போட்டுக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்டு அவருக்கும் ஞாபகம் இருக்காது, நமக்கும் தெரியாது. மூன்று போன் மாறியிருந்தால் மூன்று கணக்கு. பழைய படங்கள் பழைய கணக்கிலேயே கிடக்கும்.

இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை, அதில் உள்ள படங்களோடு சேர்த்து நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதாவது, யாரும் எதுவும் செய்யாமலேயே படங்கள் போய்விடலாம்.

இன்னொன்று, இலவச இடம் மொத்தமே 15 ஜிபிதான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மெயில், டிரைவ் எல்லாமும் இதற்குள்தான். நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். அதைச் சொல்லும் அறிவிப்பை எந்தத் தாத்தாவும் படிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

போனில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டை மீட்டு, உங்கள் நம்பரையும் மீட்பு எண்ணாகச் சேர்த்து, வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒரு வசதி உண்டு. கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் சும்மா கிடந்தால் யாரிடம் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஐபோனில் இதற்கு ஓரளவு இணையான வசதி 'லெகஸி கான்டாக்ட்'. பெரியவர்களிடம் இதை எப்படிப் பேசுவது என்று தயக்கம் வரும். நகைக்கும் நிலத்துக்கும் யார் பேர் என்று வெளிப்படையாகப் பேசும் வீடுகள்தானே நம்முடையவை, படத்துக்கும் பேசலாம்.

பிறகு ஒரு கேபிளைப் போட்டு, கேமரா ஃபோல்டரை அப்படியே லேப்டாப்பிலோ ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். "எல்லாம் ஃபேமிலி குரூப்ல போட்டாச்சே" என்பது பாதுகாப்பு ஆகாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரத்தையும் கழற்றிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே வரும்.

எடுப்பவருக்கும் சில உதவிகள். மங்கலுக்குப் பாதி காரணம் லென்ஸில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. துண்டு நுனியால் துடைக்கச் சொல்லுங்கள். வயதானவர்களின் உலர்ந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சில போன்களில் ஒரே படம் பதினைந்தாகும். பக்கவாட்டு வால்யூம் பட்டனை அழுத்தியும் படம் எடுக்கலாம் என்று காட்டிக் கொடுத்தால் இரண்டும் தீரும்.

நகல் எடுத்த கையோடு ஐம்பது படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி பிரின்ட் போடுங்கள். தேர்வு அவருடையதாக இருக்கட்டும், முருங்கைக்காய் வந்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

கேலரியைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அப்புச்சி போனில் நான் தேடியபோது, சாயங்கால வெயிலில் எடுத்த சில படங்களில் தரையில் நீளமாக ஒரு நிழல் மட்டும் கிடைத்தது. தலையில் துண்டு, முன்னால் தூக்கிய இரண்டு கைகள். அவர் போனைத் தூக்கும்போது நீங்களும் உங்கள் போனைத் தூக்குங்கள். படத்தை அவருக்கே டாகுமென்ட்டாக அனுப்பிவிடுங்கள்.