டாய்லெட் பேப்பருக்குப் பதிலா துணி... நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?

2020 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா பயத்தில் நாம் அரிசி, பருப்பு, மாஸ்க் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் டாய்லெட் பேப்பருக்கு அடிதடியே நடந்தது. ஆஸ்திரேலியாவின் 'என்.டி நியூஸ்' நாளிதழ், 'அவசரத்துக்குக் கிழிச்சுக்கோங்க' என்று 8 பக்கங்களைக் கூடுதலாக, கிட்டத்தட்ட வெறுமையாகவே அச்சடித்துக் கொடுத்தது. 'நமக்குத்தான் தண்ணி இருக்கே' என்று நாம் சிரித்தோம்.

அந்த நேரத்தில் அங்கே பலருடைய கவனம் திரும்பிய விஷயம்தான், 'ஃபேமிலி கிளாத்'. பேப்பருக்குப் பதில் சின்னச் சின்னத் துணிகளைப் பயன்படுத்தி, துவைத்து, மறுபடியும் பயன்படுத்துவது. 'அய்யே...' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பில் கட்டி, துவைத்துக் காயப்போட்டு வளர்த்த வீடுகள்தான் நம்முடையவை.

நமக்கு இது எதற்கு?

இப்போது பல அப்பார்ட்மென்ட் டாய்லெட்டுகளில் ஹெல்த் ஃபாசெட்டும் இருக்கிறது, பக்கத்திலேயே டிஷ்யூ ரோலும் தொங்குகிறது. கழுவுவது தண்ணீரில், ஈரத்தைத் துடைப்பது டிஷ்யூவில். அந்த இரண்டாவது வேலையைத்தான் துணியிடம் கொடுக்கப்போகிறோம். நன்றாகக் கழுவிய பிறகு துடைப்பதால், துணியில் ஒட்டுவது பெரும்பாலும் ஈரம்தான். தண்ணீரே இல்லாமல் துணியால் மட்டும் துடைப்பவர்களுக்கு இருக்கும் சிக்கலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஈரத்தோடு உள்ளாடை போடுவதால் வரும் அரிப்பும் புண்ணும் வெயில் காலத்தில் பலருக்குத் தெரிந்த தொல்லை. ஒற்றி எடுக்கக் காய்ந்த துணி இருந்தால் அது குறையும். பெண்கள் முன்பக்கமிருந்து பின்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குப் போக வாய்ப்பு உண்டு.

எப்படி ஆரம்பிப்பது?

* பழைய காட்டன் டி-ஷர்ட், வேட்டி, துண்டு எதுவும் போதும். புதிதாக வாங்கினால் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக வெட்டி, ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். சிந்தெடிக் துணி ஈரம் உறிஞ்சாது.
* ஆளுக்கு ஒரு நிறம். ஒருவர் துணியை இன்னொருவர் தொட வேண்டாம்.
* ஒரு துணி, ஒரு தடவை. 'ஈரம்தானே' என்று கொடியில் போட்டு மறுபடி எடுக்கக் கூடாது.
* பயன்படுத்தியதை மூடி போட்ட பக்கெட்டில் போடுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு நாள்கணக்கில் வைத்தால் நாறும். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்துவிடுங்கள்.
* மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். மெஷினில் 60 டிகிரி வெந்நீர் வசதி இருந்தால் அதில் போடலாம். இல்லையென்றால், கொதிக்கும் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து அலசுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். நல்ல வெயிலில் மொறமொறவென்று காய வேண்டும்.

மழைக்காலத்தில் துணி காயாது. அப்போது டிஷ்யூவுக்கே திரும்புவதில் தப்பில்லை. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி, பூஞ்சைத் தொற்று இருந்தாலும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருந்தாலும், துணியை ஓரம் வைத்துவிடுங்கள்.

டாய்லெட்டுக்குள்ள மட்டும் போட்டுடாதீங்க!

துணியோ, வெட் வைப்ஸோ குழாய்க்குள் போனால் கரையாது. 2017-ல் லண்டன் ஒயிட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் வெட் வைப்ஸும் சமையல் கொழுப்பும் சேர்ந்து கட்டியாகி, சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அடைத்துக்கொண்டது. நம் ஊரில் அடைப்பு என்றால் விஷயம் இன்னும் மோசம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதர்களை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. நாம் அலட்சியமாக ஃப்ளஷ் செய்யும் ஒரு துண்டுத் துணி, எங்கோ ஒருவரைக் குழிக்குள் இறக்கலாம்.

சரி, யார் துவைப்பது?

இந்தப் பழக்கத்தில் நிஜமான கேள்வி இதுதான். 'சுற்றுச்சூழலைக் காப்பாத்துவோம்' என்று வீட்டில் ஒருவர் முடிவெடுக்க, பக்கெட் மட்டும் அம்மாவின் தலையில், மனைவியின் தலையில், இல்லையென்றால் வேலைக்கு வரும் அக்காவின் தலையில் விழுந்தால் அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை. அசிங்கத்தை அடுத்தவர் கைக்குத் தள்ளிவிடும் பழைய பழக்கம், புதுப் பெயரில்.

எனவே விதி ரொம்ப எளிது. யார் பயன்படுத்துகிறாரோ, அவரே துவைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம். 'என்னால முடியாதுப்பா' என்று தோன்றினால் டிஷ்யூவையே பயன்படுத்திவிட்டு, குப்பைக்கூடையில் போடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு வாரம் முயற்சி செய்து பார்க்கலாம் என்று தோன்றினால், பீரோவில் கிடக்கும் பழைய டி-ஷர்ட்டை எடுங்கள். கூடவே, துவைக்கிற முறை யாருடையது என்பதையும் அன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.